மூன்றாம் நிலை

வியாதிகளின் சரித்திரத்தை எழுதுபவர்கள் அவை தோன்றும் விதத்தையும் அவற்றால் மனிதர் மாளும் விதத்தையும் விஸ்தாரமாக எழுதுவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, நோய் உடம்பில் குடியேறிவிட்ட பின்னும் நோயாளி வழக்கம்போல் உண்டு, உறங்கி, உத்தியோகத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கும் நீண்ட இடைக்காலத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். சிறுநீரக நோயிலோ அந்த இடைக்காலமே பிரதானம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'இஜிஎஃப்ஆர்' என்ற எழுத்துகளுக்கு எதிரே, சிறுநீரகம் ரத்தத்தை வடிக்கும் வேகத்தின் மதிப்பீடாக, 52 என்றோ 41 என்றோ ஓர் எண் அச்சாகி வருவதும், அதைப் பார்த்த டாக்டர் 'மூன்றாம் நிலை' என்று சொல்வதும், உடம்பில் ஒரு குறையும் தெரியாமல் வந்தவர் அதைக் கேட்டுத் திகைத்துப்போவதும் இன்று சர்வசாதாரணம். ஆனால் அந்த மூன்றாம் நிலை 2002-ஆம் வருஷத்துக்கு முன் பெயரளவில்கூட இருந்ததில்லை. இந்நோயின் முடிவை வைத்தியர்கள் ஆதிகாலம் தொட்டே பார்த்துவந்தார்கள். அதன் முதல் அடையாளத்தை 19-ஆம் நூற்றாண்டில் திட்டமாக அறிந்தார்கள். நடுப்பகுதிதான் எல்லாவற்றுக்கும் கடைசியாக அவர்கள் கண்ணில் பட்டது. அது ஏன் அவ்வளவு தாமதமாயிற்று என்பதே இங்கே சொல்லப் புகுந்த விஷயம்.

சிறுநீரைப் பார்த்து நோயறியும் வழக்கம் புதிதன்று. நம் சித்த வைத்தியத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறிப் பகுதிகள் விதிக்கிறபடி, நோயாளி முதல்நாள் அளவறிந்து உண்டு, வேளையோடு உறங்கி, விடியற்காலையில் கழிக்கும் நீரைக் கண்ணாடிக் கலத்தில் ஏந்தி, ஒரு முகூர்த்த காலத்துக்குள் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் பார்த்துவிட வேண்டும். பிறகு அந்தக் கலத்தை அசையாமல் வெயிலில் வைத்து, நீரின்மேல் நல்லெண்ணெயில் ஒரு துளியை மெள்ள விட்டு, அத்துளி பாம்புபோல் நீண்டால் வாதமென்றும், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தமென்றும், முத்துப்போல் நின்றால் கபமென்றும் கொள்ள வேண்டும். ஐரோப்பிய வைத்தியர்களும் மத்திய காலம் முழுவதும் வயிறு பருத்த கண்ணாடிக் குடுவை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இவ்வாறே ஆராய்ந்துவந்தார்கள். ஹிப்போகிராடிஸ் பெயரால் வழங்கும் சூத்திரங்களில், நீரின்மேல் குமிழிகள் நிற்பது சிறுநீரக நோயைக் குறிக்கும், அந்நோய் நெடுநாள் நீடிக்கும் என்ற கருத்து ஒன்று காணப்படுகிறது. கலையாமல் நிற்கும் நுரை சிறுநீரில் புரதம் ஒழுகுவதன் லக்ஷணமென்று இக்காலத்து டாக்டர்களும் சொல்வதால், அந்தக் கிரேக்கரின் கண் கூர்மையானது என்றே சொல்ல வேண்டும். ஆயினும் இவர்கள் எல்லோரும் சிறுநீரில் தேடியது சரீரம் முழுவதன் நிலைமையை. சிறுநீரகம் என்ற ஓர் உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை.

அந்தக் கேள்விக்கு வழி திறந்தவர் பிரிஸ்டல் நகரத்தில் 1789-இல் பிறந்து, லண்டன் கைஸ் மருத்துவமனையில் வைத்தியராயிருந்த ரிச்சர்ட் பிரைட். கை கால் முகமெல்லாம் நீர்கோத்து வீங்கி வந்து சேரும் ஏழை நோயாளிகள் அவருடைய வார்டுகளில் எந்நாளும் இருந்தார்கள். பிரைட் அவர்களுடைய சிறுநீரில் சிறிது ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரின்மேல் பிடிப்பார். தெளிந்திருந்த நீர் கொதி வருமுன்பே கலங்கி, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து நிற்கும். வெண்கருவைப் போலவே சூட்டில் திரியும் ஆல்புமின் என்னும் ரத்தப் புரதம் சிறுநீரில் இறங்கியிருக்கிறது என்பது அதன் பொருள். சூட்டில் திரியும் இத்தகைய சிறுநீரை நேப்பிள்ஸ் நகரத்து டொமினிகோ கொட்டூன்யோ முன்பே கண்டு எழுதியிருந்தார். பிரைட்டின் பெருமை, வீக்கத்தையும் திரிந்த சிறுநீரையும், இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது கண்ட சுருங்கிக் கரடு தட்டிய சிறுநீரகங்களையும் மூன்றையும் ஒன்றாக முடிந்து, இவை ஒரே வியாதியின் மூன்று முகங்கள் என்று 1827-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டியதுதான். அவருடைய நண்பரான ரசாயனி ஜான் பாஸ்டாக், இந்நோயாளிகளின் சிறுநீரில் குறைந்துபோகும் யூரியா ரத்தத்தில் சேருகிறது என்பதற்கான குறிகளைக் கண்டார். 1842-இல் இரண்டு வார்டுகளும் 42 படுக்கைகளும் பக்கத்திலேயே ஒரு சோதனைச்சாலையுமாக, சிறுநீரக நோயாளிகளுக்கென்றே ஒரு பகுதி பிரைட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே உறுப்பின் நோயை ஒரே கூரையின் கீழ் வைத்து ஆராய்ந்த அம்முயற்சி அந்நாளில் அபூர்வமானது. அடுத்த நூறு வருஷங்களுக்கு இவ்வியாதி 'பிரைட் நோய்' என்றே உலகெங்கும் வழங்கிற்று.

பிரைட் கண்டவர்கள் ஒன்று வீங்கிப்போனவர்கள், அல்லது செத்துப்போனவர்கள். சிறுநீரகத்தின் சக்தி பாதியாகக் குறைந்த பின்னும் வீக்கமில்லாமல், வலியில்லாமல், கடையிலோ கழனியிலோ வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் அவருடைய வார்டுக்கு வரக் காரணமேயில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. இவ்வளவு தாராளமாகப் படைக்கப்பட்ட உறுப்பாகையால் பாதி போன பின்னும் மிச்சமுள்ளது சத்தமின்றிச் சமாளித்துக்கொள்கிறது. ஆகவே நடுநிலையைக் காண்பதற்குக் கண்ணும் கரண்டியும் போதா. ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது.

அந்த அளவுகோல் தசையிலிருந்து வந்தது. தசைகள் இயங்குவதால் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்படும் கழிவுப் பொருள் கிரியாட்டினின். காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தோடு அது கலந்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றும் என்பதை 1886-இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அந்த நிறத்தின் ஆழத்தைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்லும் முறை இன்றும் நம் ஊர்ப் பரிசோதனை நிலையங்களில் நடமாடுகிறது. கோபன்ஹேகனில் பவுல் பிராண்ட் ரேபர்க் என்பவர் கிரியாட்டினினைத் தாமே கரைத்துக் குடித்து, தம்முடைய ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்து, நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகிறது என்று கணக்கிட்டு 1926-இல் வெளியிட்டார். நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித், டேலியா முதலிய செடிகளின் கிழங்குகளில் கிடைக்கும் இனுலின் என்ற மாவுப்பொருளை ஊசிமூலம் ஏற்றி, அதைவிடத் துல்லியமான அளவைக் கண்டார். ஆரோக்கியமான வாலிபனுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 120 மில்லிலிட்டர் என்ற கணக்கு இவ்வாறுதான் நிலைபெற்றது.

இந்த எண்ணோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் '1.73 சதுர மீட்டர்' என்ற சொற்களைப் பலர் பார்த்திருக்கலாம். உருவத்தில் பெரியவனையும் சிறியவனையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவதற்காக, 1920-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தம் நாட்டில் 25 வயதுள்ள ஆண் பெண்களின் சராசரி உடற்பரப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொண்ட அளவு அது. ஒரு நூற்றாண்டு கழிந்தும், கும்பகோணத்தில் ஒரு பாட்டியின் சிறுநீரகம் அந்தக் கால அமெரிக்க வாலிபர்களின் மேனிப்பரப்பைக் கொண்டே அளக்கப்படுகிறது என்பது யோசித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அளவுகோல் கிடைத்ததே தவிர, அது சாமானிய நோயாளிகளிடம் வந்து சேர இன்னும் 50 வருஷம் பிடித்தது. கிரியாட்டினின் வடியும் வேகத்தை அறிய 24 மணி நேரத்துச் சிறுநீரையும் ஒரு துளி விடாமல் ஒரு பெரிய கேனில் சேர்க்க வேண்டும். இடையில் ஒரு வேளை மறந்து வெளியே போய்விட்டால் கணக்கு பொய்த்துவிடும். ரத்தத்திலுள்ள கிரியாட்டினினை மட்டும் பார்ப்பதென்றால் அது மெய்யை மறைத்துப் பேசும்: 1 என்றிருந்தது 2 ஆகும்போதே சிறுநீரகத்தின் பாதிச் சக்தி போய்விட்டிருக்கும், ஆனால் 2 என்ற எண்ணைக் கண்டு 'கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்' என்று ஆறுதல் சொல்லி அனுப்பிய டாக்டர்கள் அக்காலத்தில் எத்தனையோ பேர். அது 8 ஆனபோதுதான் எல்லோரும் பதறினார்கள்.

அதோடு முடிவின்மேலிருந்த கவனமும் சேர்ந்துகொண்டது. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஹாலந்தில் கம்பன் என்ற ஊரில் வில்லெம் கால்ஃப் 1943-இல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிக் காட்டினார். 1954-இல் பாஸ்டனில் இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்கு வெற்றிகரமாக மாற்றப்பட்டது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் 1971-இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தேறியது. சாவின் வாசலிலிருந்து மனிதரைத் திருப்பிக்கொண்டு வரும் இந்த அற்புதங்களுக்கு முன்னால், வாசலுக்கு வெகு தூரத்தில் நடந்துகொண்டிருப்பவனைப் பற்றிப் பேச யாருக்குப் பொழுது இருந்தது?

நடுநிலைக்காரனை நினைத்தவர்கள் அந்நாளில் அநேகமாக உணவு வைத்தியர்களே. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்த வால்ட்டர் கெம்ப்னர் என்பவர், சிறுநீரக நோயும் மிகுந்த ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குச் சோறு, பழம், சர்க்கரை இவை மட்டுமே கொண்ட ஒரு பத்தியத்தை வகுத்தார். உப்பு ஏறக்குறைய இல்லை, புரதம் நாளுக்கு 20 கிராம்கூட இல்லை. இரண்டு வாரம் இருக்கச் சொன்னதை இரண்டு மாதம் என்று காதில் வாங்கிக்கொண்டு ஒரு கிராமத்துப் பெண்மணி அப்பத்தியத்தை விடாமல் காத்துத் திரும்பி வந்தபோது, அவளுடைய நோய் வியக்கத்தக்க வகையில் தணிந்திருந்ததென்றும், அதன் பிறகே நெடுநாள் பத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை பிறந்ததென்றும் ஒரு கதை உண்டு. எலும்பை முறிக்கும் கடுமையான பத்தியம் அது; அதில் நிலைத்து நின்றவர்கள் கொஞ்சம். ஆனாலும் உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்ற முடிச்சு அங்கே இறுகிவிட்டது.

அந்த முடிச்சின் உட்காரணத்தை விளக்கியவர் பாஸ்டனைச் சேர்ந்த பாரி பிரென்னர். வடிகட்டிகளில் சில அழிந்ததும் எஞ்சியவை கூடுதல் அழுத்தத்தோடு கூடுதலாக வடித்து ஈடுகட்டுகின்றன. நான்கு பேர் சுமந்த பல்லக்கை இருவர் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல, அந்த உழைப்பே காலக்கிரமத்தில் அவற்றையும் அழித்துவிடுகிறது என்ற கொள்கையை அவரும் அவருடைய சகாக்களும் 1982-இல் விரித்துரைத்தார்கள். முதலில் வந்த காரணம் நீங்கிய பின்னும் நோய் ஏன் தானே முன்னேறுகிறது என்ற நெடுநாள் புதிர் அதனால் அவிழ்ந்தது. அழுத்தத்தைத் தணிக்கும் மருந்தோ பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்திலிருந்து வழி கண்டு பிறந்தது. அவ்விஷத்தில் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் ஒரு சத்து இருப்பதை செர்ஜியோ ஃபெரைரா 1960-களில் கண்டறிய, அதைப் பின்பற்றி அமெரிக்க ரசாயனிகள் காப்டோப்ரில் என்ற மாத்திரையைச் செய்தார்கள். நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்த 409 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1993-இல் வந்தபோது, இம்மருந்தை உண்டவர்களில் மரணமோ டயாலிசிஸோ மாற்றுச் சிகிச்சையோ நேர்ந்தது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அதுவரை நடுநிலையைக் கண்டுபிடித்தும் பயனில்லை என்று சொல்ல இடமிருந்தது. அதன் பிறகு இல்லை.

கண்டுபிடிக்கும் வேலையும் அதே காலத்தில் சுலபமாயிற்று. மான்ட்ரியாலில் முன்னாள் போர்வீரர்களின் மருத்துவமனை ஒன்றில் 249 நோயாளிகளின் கணக்குகளைக் கொண்டு காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர், வயது, எடை, ரத்தக் கிரியாட்டினின் மூன்றும் தெரிந்தால் போதும், கேன் வேண்டாம் என்று ஒரு சூத்திரத்தை 1976-இல் எழுதினார்கள். அந்நோயாளிகள் அநேகமாக எல்லோரும் ஆண்களாகையால், பெண்களுக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்க என்று உத்தேசமாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு அமெரிக்காவில், புரதம் குறைந்த உணவு சிறுநீரகத்தைக் காக்குமா என்றறியப் பெருஞ்செலவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. உணவைப் பற்றிய கேள்விக்கு அது தெளிவான விடை தரவில்லை. ஆனால் அதில் சேர்ந்த 1,628 பேரின் அளவுகளிலிருந்து 1999-இல் பிறந்த சூத்திரம் உலகத்துப் பரிசோதனை நிலையங்களிலெல்லாம் புகுந்துவிட்டது. அதன் மேல்தான் அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2002-இல் ஐந்து நிலைகளைக் கட்டியது: 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை. பத்து வருஷம் கழித்து அதையும் 45-இல் இரண்டாக வெட்டி, கூடவே சிறுநீரில் ஒழுகும் ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று சர்வதேச நிபுணர்கள் விதித்தார்கள். கறுப்பினத்தவருக்கு மட்டும் எண்ணைப் பெருக்கிக் காட்டும் விதி ஒன்று அச்சூத்திரங்களில் இருந்தது. அதனால் அவர்களுடைய நோய் தாமதமாகத் தெரியவந்தது என்ற நியாயமான கண்டனத்துக்குப் பிறகு 2021-இல் அது நீக்கப்பட்டது. நம்மவரில் சதைப்பிடிப்பில்லாத முதியவர்களுக்கும் மாமிசம் உண்ணாதவர்களுக்கும் கிரியாட்டினின் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். அவர்களுக்குச் சூத்திரம் உள்ளதைவிட நல்ல எண்ணையே காட்டும் என்பது இன்னும் போதிய கவனம் பெறாத விஷயம்.

சூத்திரமோ கணினியோ இல்லாமலும் இவ்வேலை நடக்கும் என்பதற்குச் சென்னையின் அருகிலேயே சாட்சி உண்டு. சிறுநீரக நிபுணரான டாக்டர் எம். கே. மணி முன்னின்று நடத்திய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களின் பிற்பகுதியிலிருந்து சுமார் 25,000 ஜனங்கள் வாழும் கிராமங்களில் வீடுவீடாக ஆள் அனுப்பிற்று. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு சோதனைக் குழாயில் சிறுநீரை விட்டு, சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளிகள் சேர்த்து, பால்போல் கலங்குகிறதா என்று பார்த்தார்கள். இன்னொன்றில் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கி, நீலம் மாறிச் செங்கல் நிறம் வருகிறதா என்று பார்த்தார்கள். கண்டறிந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய, மிக மலிவான மாத்திரைகள். டயாலிசிஸுக்கு வழியில்லாத ஜனங்களிடம் நடுநிலையில் போய் நிற்பதே வைத்தியம் என்று துணிந்த அந்தத் திட்டத்தை, இத்துறையில் நம் நாட்டில் நடந்த மிகச் சிறந்த காரியங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இவ்வாறு கண்டறியப்பட்டவர்களின் கதி என்ன? அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவக் காப்பு நிறுவனத்தின் ஏடுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்றாம் நிலையிலிருந்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிகிச்சைக்கோ போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். இறந்துபோனவர்களோ நூற்றுக்கு 24 பேர். குறைந்த சிறுநீரகம் மனிதனைப் பெரும்பாலும் இருதயத்தின் வழியாகவே கொல்லுகிறது. ஆகையால்தான் மூன்றாம் நிலையின் சிகிச்சை என்பது ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைத்தல், சர்க்கரையை அடக்குதல், புகையிலையை விடுதல், நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு போகாமல் ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் எட்ட நிறுத்துதல் என்று சிறுநீரகத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றுகிறது. பருப்பையும் பழத்தையும் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடும் பதற்றம் வேண்டியதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலொழிய இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் தடையில்லை. 'தண்ணீரை நிறையக் குடி, கிட்னி சுத்தமாகும்' என்ற உபதேசத்துக்கும் ஆதாரமில்லை. கனடாவில் மூன்றாம் நிலையிலுள்ள 631 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில் அதிகம் குடித்தவர்களுக்கு ஒரு நன்மையும் ஏற்படவில்லை என்று 2018-இல் தெரிந்துவிட்டது.

இந்நோயாளிகள் வலி மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஸ்வீடனில் ஹூஸ்க்வார்னா என்ற தொழிற்சாலை நகரத்தில், 1918-இன் விஷக் காய்ச்சலின்போது ஃபெனசெடின் கலந்த ஒரு தலைவலிப் பொடி பழக்கத்துக்கு வந்து, காய்ச்சல் போன பின்னும் தொழிலாளரிடையே நிலைத்துவிட்டது. உற்சாகத்துக்காகவே நாள்தோறும் அதை உண்டார்கள். வருஷங்கள் கழித்து அந்நகரத்தார் அளவுக்கு மீறிச் சிறுநீரக நோயால் இறப்பது கவனத்துக்கு வந்தபோதுதான் பொடியின் மேல் பழி விழுந்தது. ஃபெனசெடின் பிற்பாடு உலகச் சந்தையிலிருந்து மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட டைக்ளோஃபெனாக் முதலியவை நம் தெருமுனை மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. பாதிச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு இவையும் ஆபத்தானவையே.

கெடுக்கும் மருந்தைப் போலவே காக்கும் புது மருந்துக்கும் ஒரு பழங்கதை உண்டு. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ரசாயனிகள் 1835-இல் பிரித்தெடுத்த கசப்புச் சத்து ஒன்று, சிறுநீரில் சர்க்கரையை இறக்கிவிடும் தன்மையுடையதென்று அந்த நூற்றாண்டிலேயே அறியப்பட்டு, பிறகு ஆராய்ச்சிசாலைப் பொருளாகவே கிடந்தது. அதன் வழிவந்த மாத்திரைகள் நீரிழிவுக்கென்று செய்யப்பட்டு, 2019, 2020-ஆம் வருஷத்து ஆராய்ச்சிகளில் சிறுநீரகத்தின் தேய்வைத் தடுப்பதாக நிரூபணமாயின. பின்னதில் நீரிழிவே இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இனி ஒரு வழக்கு மட்டும் பாக்கி. வயதாக ஆகச் சிறுநீரகத்தின் சக்தி இயல்பாகவே குறைகிறதென்றால், 75 வயதில் 55 என்ற எண் நோயா, நரையைப் போல முதுமையின் அடையாளமா? இளைஞருக்கு 75, முதியவருக்கு 45 என்று எல்லையை வயதுக்குத் தக்கபடி மாற்ற வேண்டுமென ஐரோப்பிய நிபுணர் சிலர் வாதிக்கிறார்கள்; எதிர்க்கட்சியார் பால்டிமோர் நகரத்தில் ஆரோக்கியமான 254 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆராய்ச்சியைக் காட்டி, அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குச் சக்தி குறையவேயில்லையே, குறைவதை எப்படி இயற்கை என்பீர் என்று கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், சிறுநீரில் ஆல்புமின் இல்லாத முதியவரை ஓர் எண்ணை மட்டும் காட்டி நோயாளியாக்குவது அவருக்குத் தூக்கமின்மையைத் தவிர வேறொன்றும் தராது. ஆல்புமின் இருந்தாலோ அதே எண் உடனே கவனிக்க வேண்டியது. எது எப்படியாயினும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, எண் மாறாமல் நின்றாலொழிய நாட்பட்ட நோயென்று எழுதக் கூடாதென்பது 2002-இலேயே வகுத்த விதி. நம் பரிசோதனை நிலையங்கள் முதல் நாளே தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தரும் சீட்டில் அதற்கு ஒரு வரி இடமில்லை.